மாலை போட முடியாத படம்

முதலில் அவர்தான் போய் உட்காருவார். படம் எடுக்க வந்தவர்கள் பவுடர் பூசி, தலை சீவி, காலரை இழுத்துவிட்டுக்கொண்டு தயாராக நிற்பார்கள். படம் எடுக்க வேண்டிய மனுஷனோ கேமராவை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, தான் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

"இதுக்குள்ள பாருங்க. நான் யாரு மாதிரி தெரியுறேன்?"

வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். பதில் சொன்னால்தான் எழுந்திருப்பார்.

மலேசியாவில், மலாக்காவுக்கு அடுத்த மஸ்ஜித் தானா ஊரில் ஒரு கடைவீட்டு வரிசை. கீழே அவருடைய படக்கடை, மாடியில் எங்கள் துப்புரவுக் கம்பெனியின் ஆபீஸ். அவர் மலாக்கா பட்டணத்தில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். என்னைவிட ரொம்ப இளையவர், அதனால் எனக்குத் தம்பி. நான் அவருக்கு அக்கா. வயிறு முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். வாய் அதற்கும் முன்னால் வந்துவிடும்.

ஒரு தடவை இன்சூரன்ஸ் விற்கிற பையன் ஒருவன் வந்தான். விசிட்டிங் கார்டில் போட முகப்படம் வேண்டும். தெருவில் யாரோ நிறுத்தியிருந்த பெரிய காரின்மேல் சாய்ந்துகொண்டு, "இங்க எடுங்க அங்கிள், கெத்தா இருக்கும்" என்றான். தம்பி கேமராவை அவன் கையில் கொடுத்தார். தான் போய் அந்தக் காரில் சாய்ந்தார்.

"யாரு மாதிரி இருக்கேன்?"

பையன் பார்த்தான். "டிரைவர் மாதிரி இருக்கீங்க அங்கிள்."

"நீயும் அப்படித்தான் லா தெரிவ. கார்க்காரன் வர்றதுக்குள்ள இறங்கி வா."

அந்தப் பையனைக் கடைசியில் அவனுடைய அம்மாவின் நாசி லெமாக் சோற்றுக்கடை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்து எடுத்தார். தினமும் அங்கே உட்கார்ந்துதான் அவன் ஆட்களிடம் பேசுவானாம். பின்னாலிருந்த பாத்திரங்களையெல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டார். பையன் முகம் மட்டும் காலை வெளிச்சத்தில் தெளிவாக இருந்தது. என் மகனே அந்தக் கார்டைப் பார்த்துவிட்டு அவனிடம் பாலிசி எடுத்தான்.

இன்னொரு தடவை ஒரு நர்ஸ் பிள்ளை. ஆஸ்பத்திரி நடையில் நின்று எடுக்க வேண்டும் என்று ஆசை. தம்பி அந்த நடையில் போய் நின்றார். கேமராவில் பார்த்த பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. "ஆபரேஷன் முடிஞ்சிருச்சான்னு கேக்க நிக்கிற ஆள் மாதிரி இருக்கீங்க" என்றதாம். இதை அவரே என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வழுக்கைத் தலைக்குப் பின்னால் தீயணைப்புச் சிலிண்டர் வேறு கொம்பு மாதிரி முளைத்திருந்ததாம்.

இத்தனைக்கும் மேல் அவரிடம் கடைசியாக ஒரு கேள்வி இருக்கும். இடம் பிடித்து, வெளிச்சம் பார்த்து, எல்லாம் சரி என்று ஆன பிறகு கேட்பார்.

"மாலை போடத் தோணுதா?"

தோன்றுகிறது என்றால் அந்த இடத்தை விட்டுவிடுவார். எதற்கு இப்படி அபசகுனமாகக் கேட்கிறீர்கள் என்று ஒரு நாள் சண்டைக்கே போய்விட்டேன்.

"அக்கா, எங்க வீட்டுல படத்துக்கு மாலை போடுற பழக்கம் கிடையாது. ஆனா இந்தச் சுத்துவட்டாரத்துல மாலை தொங்குற படத்துல முக்காவாசி நான் பெருசாக்கிக் குடுத்தது. ஆள் போயிட்டாருன்னு ஐ.சி. அடையாள அட்டையக் கொண்டாந்து நீட்டுவாங்க. பின்னால வெள்ளைச் சுவர், மூஞ்சில பயம். அம்புட்டுதான் அந்த மனுஷன் விட்டுட்டுப் போன படம். உயிரோட வர்றவங்களயாவது உயிரோட எடுக்க வேணாமா?"

என் வீட்டு ஹாலில் மாலையோடு தொங்குகிற என் வீட்டுக்காரர் படமும் ஐ.சி. அட்டையிலிருந்து பெரிதாக்கியதுதான்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தேன். தோட்டம் விற்றுப்போனதும் தொழிற்சாலையில் தரை துடைத்தேன். அப்புறம் தரை துடைக்கிற பெண்களைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்தேன். முதலாளி என்று என்னைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. எங்கள் கம்பெனியில் வேலை முடிந்தது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, துடைத்த தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பேன். நின்று, காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்ப்பேன். வெளுப்பாக இருந்தால் வேலை முடிந்தது. சாம்பல் பூத்திருந்தால் வாளியைத் திரும்ப எடுக்க வேண்டும். "அம்மா கால் பாஸ் பண்ணிருச்சு" என்றுதான் பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

ஒரு வருஷம் எங்களை வைத்திருந்த தொழிற்சாலை மூடிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. அடுத்த வேலை கிடைக்காவிட்டால் அந்தப் பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பாதிப்பேர் என்னோடு தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கணவன் இல்லாதவளும் உண்டு, இருந்தும் இல்லாதவளும் உண்டு. அந்தச் சமயத்தில் தஞ்சோங் கிளிங் கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டல், துப்புரவு வேலைக்கு ஆள் தேடியது. கம்பெனியைப் பற்றி விவரம் அச்சடித்துக் கொடுக்க வேண்டும், முதல் பக்கத்தில் நிறுவனர் படம் இருக்க வேண்டும் என்றார்கள்.

"கீழ இருக்கிற அங்கிள்கிட்ட போனா இடம் தேடியே ஒரு வாரம் ஓட்டிருவாரு மாமி" என்று என் மருமகள் தானே எடுத்துவிட்டாள். வீட்டுச் சுவர் வெள்ளை. அதில் என்னை நிறுத்தி, அசையாதீங்க என்றாள். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். படத்தைச் சுற்றி மெல்லிசாகக் கறுப்புக் கோடு போட்டு, கீழே இங்கிலீசில் 'எங்களுக்கு ஒளி காட்டியவர்' என்று எழுதியிருந்தாள். வாசித்துச் சொன்னபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மகன் அதைக் கொண்டுபோய் ஹோட்டலில் கொடுத்தான். திரும்பி வந்தவன் ஹாலில் வந்து உட்கார்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அங்க காண்டிராக்ட் பாக்கிறது நம்ம தமிழ்ப் பையன்தான். படத்தப் பாத்துட்டு எழுந்து நின்னுட்டான். 'அம்மா எப்ப தவறிட்டாங்க'ன்னு கேட்டான்."

"நீ என்னடா சொன்ன?"

"வீட்டுலதான் இருக்காங்கன்னு சொன்னேன். அவன் நம்பல. ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டு என் தோளத் தட்டிக் குடுத்தான்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அழுகையா சிரிப்பா என்று இன்றுவரை தெரியாது.

சிரிக்கிற விஷயமாக அது முடியவில்லை. வேலை தெரிந்த அம்மா போய்விட்டார், மகன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், இனி வேலையை யார் சரிபார்ப்பது என்று அங்கே பேசிக்கொண்டார்களாம். கோலாலம்பூர் கம்பெனி ஒன்றுக்கே கொடுத்துவிடலாம் என்று பாதி முடிவாகியிருந்தது. மகன் திரும்பத் திரும்பப் போன் போட்டுக் கெஞ்சியதில், திங்கட்கிழமை நேரில் வந்து பேசலாம், சரியான விவரத்தோடு வாருங்கள் என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான் கீழே இறங்கினேன். தம்பி அதை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருந்தவங்க அக்கா. நல்ல கை. இவங்க வைக்கிற சம்பல் மாதிரி வராது."

"தம்பி, நான் செருப்பக் கழட்டிருவேன்."

"கழட்டுங்க, கழட்டுங்க. கோவம் வருதுல்ல? இந்தப் படத்துல அது எங்க போச்சு?" என்றவர், கடைப் பலகையைத் திருப்பி வைத்தார். "வாங்க. கடைய மூடுறேன். எடம் பாக்கணும்."

அவருடைய பழைய காரில் நானும் மருமகளும் ஏறினோம். மருமகளுக்குக் கடற்கரை ஆசை. ஹோட்டலே தஞ்சோங் கிளிங்கில்தானே, கடல் பின்னால் இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்றாள். தம்பி போய்க் கடலைப் பார்த்த சுவரில் உட்கார்ந்தார். நான் கேமராவுக்குள் பார்த்தேன். பின்னால் கண் கூசுகிற வெளிச்சம், ஆள் கறுப்பாக ஒரு மூட்டை மாதிரி.

"யாரு மாதிரி அக்கா?"

"கப்பல விட்டுட்டு உக்காந்திருக்கிறவன் மாதிரி."

அடுத்தது ரப்பர் மரம். அது மருமகளுக்கு அதைவிடப் பெரிய ஆசை. தோட்டத்திலிருந்து வந்து முதலாளி ஆனவர் என்று கதையாகப் போடலாம், படிக்கிறவர்கள் மனது இளகிவிடும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். ரோட்டோரம் ஒரு ரப்பர் காட்டில் வண்டியை நிறுத்தினார். தம்பி மரத்தடியில் நின்று கழுத்தில் ஒரு கொசுவை அடித்தார். நான் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

"பாவமா இருக்கு" என்றேன்.

"நானா?"

"அங்க யாரு நின்னாலும் பாவமாத்தான் இருக்கும். நான் வெட்டின மரம்தான் அது, இல்லேங்கல. அதுக்காக அதுக்கடியில நின்னு எவன்கிட்டயும் இரக்கம் கேக்க மாட்டேன்."

"கேக்கக் கூடாது லா" என்றார் தம்பி. அப்போது அவர் குரலில் கேலி இல்லை. "பாவப்பட்டு ஒரு நேரம் சோறு போடுவான். காண்டிராக்ட் குடுக்க மாட்டான். ஏறுங்க."

மாப்பும் வாளியும் அடுக்கியிருக்கும் எங்கள் ஸ்டோரிலும் நின்று பார்த்தார். மாப்பு விற்கிறவர் மாதிரி இருந்தார். ஹோட்டல் வாசலிலேயே போய் எடுத்துவிடலாமா என்று மருமகள் கேட்டாள். "அது அவங்க வாசல்மா. அடுத்தவன் வாசல்ல நின்னா காத்துக்கிடக்கிற ஆளாத்தான் தெரிவோம்" என்றுவிட்டார்.

சோர்ந்துபோய் எங்கள் ஆபீஸ் மாடிக்கு ஏறியபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மாடி நீளமான அறை. கடைசியில் பெரிய ஜன்னல், தரை பழைய வெள்ளை மொசைக். கூலியைப் பேசவும் ஆட்களைத் திட்டவும் நான் நிற்கிற இடம் அந்த ஜன்னலைப் பார்த்தபடி, அறைக்கு நடுவில். நான் சொல்லாமலே அங்கே போய் நின்றார்.

"இப்ப?"

கேமராவுக்குள் பார்த்தேன். முதல் தடவையாக அவர் தொந்தி எனக்குத் தெரியவில்லை, ஆள்தான் தெரிந்தார். ஏதோ நாலு பேருக்கு வேலை சொல்லப் போகிறவர் மாதிரி இருந்தது. ஆனால் கண்ணுக்குக் கீழேயும் தாடைக்குக் கீழேயும் இருட்டு.

"இருட்டா இருக்கு தம்பி."

"ஆமா. ஜன்னல் வெளிச்சம் மேலாப்புல வந்துட்டுப் போயிருது. கீழ இருந்தும் கொஞ்சம் மூஞ்சில ஏறணும். கடையில வெள்ளத் தட்டி இருக்கு, கீழ வச்சா சரியாப் போயிரும்." குனிந்து தரையைப் பார்த்தார். "தட்டி இல்லாமயே ஏறணும், வெள்ளத் தரைதானே. என்ன செய்யிறது, இந்தத் தரைக்குத் தெம்பு இல்ல."

"என்ன சொன்னீங்க?"

"மெழுகு மேல மெழுகு பூசி மங்கிப் போச்சுன்னு சொன்னேன். இதுல வெளிச்சம் விழுந்தா தூங்கிரும். நீங்க தொடைக்கிற ஊரான் தரையெல்லாம் பளபளக்குது. துப்புரவுக் கம்பெனி முதலாளியம்மா தரைக்குத் தட்டி வேண்டியிருக்கு."

மருமகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"தம்பி, நாளைக்கு இதே வெயிலுக்கு வாங்க" என்றேன். "தட்டியக் கொண்டாராதீங்க."

மறுநாள் காலை பசியாறியதும் பெண்களைக் கூப்பிட்டேன். என்னோடு தோட்டத்தில் ஒரே லைன் வீட்டு வரிசையில் வளர்ந்த பாக்கியம்தான் முதலில் வந்தாள். மேசை நாற்காலியெல்லாம் படிக்கட்டுக்குப் போயின. பழைய மெழுகை ஊறவைத்துச் சுரண்டினோம். மஞ்சள் தோல் மாதிரி உரிந்து வந்தது. கழுவி, துடைத்து, காயவிட்டு, மெஷினைப் போட்டுத் தேய்த்தோம். முதலாளி என்று நான் ஓரமாக உட்காரவில்லை. முழங்காலில் நின்று மூலையெல்லாம் நானே தேய்த்தேன்.

"அவரு ஒன்ன வேணும்னே சீண்டிவிட்டாருடி" என்றாள் பாக்கியம்.

"தெரியும். தேயி."

வெயில் சாயும்போது தம்பி வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தவர் கேமராவை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். ஜன்னல் வெளிச்சம் தரையில் விழுந்து, தண்ணீரில் படுகிற மாதிரிப் பட்டு, கூரையில்கூட ஆடிக்கொண்டிருந்தது.

மருமகள் நல்ல சேலை எடுத்து வைத்திருந்தாள். நான் முகம் கழுவி, அதைக் கட்டிக்கொண்டு, விபூதி வைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் வேலை முடிந்தது என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே. படத்தை மறந்துவிட்டு, கோடியிலிருந்து வெறுங்காலோடு நடந்தேன். பெண்கள் சுவரோரம் நின்று பார்த்தார்கள். நடுவில் வந்து நின்று காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தேன். பிள்ளை பிறந்த அன்று பார்க்கிற பாதம் மாதிரி சுத்தமாக இருந்தது. நிமிர்ந்தேன்.

"இப்பச் சொல்லுங்க, தட்டி வேணுமா?"

அவர் எப்போது ஜன்னலோரம் ஒரு முக்காலியைப் போட்டு ஏறினார் என்று நான் பார்க்கவில்லை. அந்த உடம்போடு அதன்மேல் நின்றுகொண்டு, கேமராவை இறக்கிவிட்டுச் சொன்னார்.

"முடிஞ்சிருச்சு அக்கா."

"என்ன முடிஞ்சிருச்சு? நான் இன்னும் ஒழுங்கா நிக்கவே இல்ல. நீங்க மொதல்ல வந்து நிக்கவும் இல்ல. யாரு மாதிரின்னு கேக்கவும் இல்ல."

"நீங்க நிக்கிற எடத்துல நான் வந்து நின்னா ஒதைப்பீங்க. எறக்கிவிடுங்கம்மா யாராவது, முக்காலி ஆடுது."

தோளுக்கு மேல்தான் படம். பின்னால் தரை ஒரே வெளிச்சமாக நீண்டு போய் அந்தக் கோடிச் சுவரில் முடிகிறது. ஒரு சாமான் இல்லை, ஒரு கம்பி இல்லை. கண்ணுக்குக் கீழே இருட்டே இல்லை. என் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. சிரிப்பு என்றும் சொல்ல முடியாது, கோபம் என்றும் சொல்ல முடியாது.

"மாலை போடத் தோணுதா?" என்று பெண்களைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயோ, கிட்ட போகவே பயமா இருக்கு" என்றாள் பாக்கியம்.

திங்கட்கிழமை நானே போனேன். மகன் கூட வந்தான். கதவைத் திறந்ததும், காண்டிராக்ட் பார்க்கிற அந்தப் பையன் நாற்காலியிலிருந்து எழுந்தவன் எழுந்தபடியே நின்றான்.

"ஆன்ட்டி... நீங்க..."

"ஆமா தம்பி, நான்தான். பசியாறிட்டுத்தான் வர்றேன்."

பாவம், அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் ஹோட்டல் மேனேஜர், ஒரு மலாய் அம்மா. புதிய தாளை விரித்து என் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். மலாயில் கேட்டார், இது எந்த ஹோட்டல் லாபி என்று.

எனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில், மரியாதைக்குப் புவான் என்று கூப்பிட்டுச் சொன்னேன். ஹோட்டல் இல்லை புவான், மஸ்ஜித் தானா கடைவீட்டு மாடி, என் ஆபீஸ், உங்களைவிட வயதான மொசைக் தரை.

அவர் நம்பவில்லை. நம்பாதவர் அந்த வாரமே காரில் வந்து இறங்கினார். அந்தப் பையனும் கூட வந்தான். படியேறி வாசலில் நின்றவரிடம், செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள் என்றேன். அவர் ஜன்னல்வரை நடந்தார், திரும்பி வந்தார், நான் சொல்லாமலே ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, அந்தப் பையனைக் கூப்பிட்டு அவனுக்கும் காட்டினார்.

வேலை எங்களுக்குத்தான் வந்தது. ஒருத்தியையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. இன்னும் ஆட்களைச் சேர்க்க வேண்டியிருந்தது.

ஒப்பந்தம் கையெழுத்தான அன்று ஆபீஸில் சோறு போட்டோம். தம்பிக்காக ஹலால் கடையிலிருந்து பிரியாணி சொல்லியிருந்தேன். பெண்கள் மலாக்கா பாசாரிலிருந்து பெரிய சாமந்தி மாலை வாங்கி வந்திருந்தார்கள். சுவரில் என் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பாக்கியம் சந்தோஷத்தில் மாலையை எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் நேராகப் படத்துக்குப் போய்க் கையைத் தூக்கிவிட்டாள்.

தம்பி பிரியாணித் தட்டை வைத்துவிட்டு ஓடினார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அம்மா தாயே! நான் இம்புட்டுப் பாடுபட்டது எதுக்கு? ஆளு இங்க நிக்குது, கழுத்துல போடும்மா!"

ஆபீஸே சிரித்தது. அந்த மாலையை வாங்கி நான் அவர் கழுத்தில்தான் போட்டேன். எங்க வீட்டுல இந்தப் பழக்கம் இல்லக்கா என்று நெளிந்தார். ஆனால் கழற்றவில்லை. அதோடு உட்கார்ந்துதான் மீதிப் பிரியாணியைச் சாப்பிட்டார். கேமரா அவர் தோளிலேயே இருந்தது. எனக்கு அப்போது தோன்றவில்லை, அதை வாங்கி நானே ஒரு படம் எடுத்திருக்கலாம்.

கொஞ்ச வருஷத்தில் ஜொகூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கேயும் யார் நாற்காலியிலோ முதலில் போய் உட்கார்ந்துகொண்டுதான் இருப்பார். கீழே அந்தக் கடையில் இப்போது போன் உறை விற்கிறார்கள்.

ஹோட்டல் வேலை இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை நான் போய் அந்தப் பளிங்குத் தரையில் வெறுங்காலோடு நடக்கிறேன். என் படமும் ஆபீஸ் சுவரில் அப்படியே இருக்கிறது. மருமகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். நான் போன பிறகு மாலை போட வேறு ஏதாவது படம் தேடிக்கொள்ளுங்கள், ஐ.சி. அட்டை இருக்கிறது, அதைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். இதைத் தொடாதீர்கள். இதில் நான் வேலையில் இருக்கிறேன்.